சேலத்தில் இருந்த மைத்துனர்

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது சேலம். அந்த ஊருக்கும், சாகச நாவல்கள் எழுதி உலகப் புகழ் பெற்ற ஸர் வால்ட்டர் ஸ்காட்டுக்கும் உறவு உண்டு. சாதாரண உறவல்ல, மைத்துனர் உறவு!

ஸ்காட் 1771-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதம் கண்டு, வலது கால் ஊனமாயிற்று. பாட்டனார் பண்ணையில் வளர்ந்தார். அங்கே பெரியவர்கள் சொன்ன வீரக் கதைகள் அவர் மனதில் ஆழப் பதிந்தன. தந்தையைப் போலவே சட்டம் படித்து வக்கீலானார். 1797-ல் சார்லட் என்ற பெண்ணை மணந்தார்.

சகோதரியை மறவாதவர்

சார்லட்டின் சகோதரர் சார்லஸ் கார்ப்பென்டர். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை கிடைத்துச் சேலத்துக்கு வந்தார். 1792-ல்தான் சேலம் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்திருந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்கள் தோன்றாத காலம் அது. சார்லஸ் அங்கே கம்பெனியின் வியாபார அதிகாரி. நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி நெய்யச் சொல்லி வாங்குவது அத்தகைய அதிகாரிகளின் வேலை.

கடல் கடந்து வாழ்ந்தாலும் அவர் சகோதரியை மறக்கவில்லை. பணம் அனுப்பி வந்தார். ஸ்காட் அவருக்குக் கடிதம் எழுதுவார். கப்பலில் ஒரு கடிதம் வந்து சேரப் பல மாதங்கள் ஆகும்! ஸ்காட்டின் இளைய மகன் பெயரும் சார்லஸ்தான்.

கதையில் குடும்பம்

1815-ல் ஸ்காட் எழுதிய நாவல் 'கை மானரிங்'. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைக் கள்ளக் கடத்தல்காரர்கள் தூக்கிச் செல்கிறார்கள். அவன் வளர்ந்து, இந்தியாவில் போர்வீரனாகிறான். பிறகு தாய்நாடு திரும்பித் தன் குடும்பத்தை அடைகிறான். இந்தியாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த வீட்டில் பிறந்த கதை இது! 1824-ல் வெளிவந்த 'ரெட்காண்ட்லெட்' நாவலில் வரும் கண்டிப்பான வக்கீல், ஸ்காட்டின் தந்தையே.

1818-ல் சார்லஸ் இறந்தார். தம் மனைவியின் காலத்துக்குப் பிறகு, சொத்து சகோதரியின் பிள்ளைகளைச் சேரவேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்.

கடனும் கண்ணீரும்

1826-ல் ஸ்காட் கூட்டுச் சேர்ந்திருந்த அச்சகம் நொடித்தது. கடன் ஒரு லட்சம் பவுனுக்கும் மேல்! அதே ஆண்டில் மனைவியும் மறைந்தார். ஸ்காட் தளரவில்லை. பேனாவினாலேயே கடனை அடைப்பதென்று உறுதி கொண்டார். சென்னை, மைசூர்ச் சீமைகளில் நடப்பதாக 'வைத்தியர் மகள்' என்ற கதையையும் 1827-ல் எழுதினார். அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. இங்கே பணியாற்றித் திரும்பிய நண்பர் ஒருவரைக் கேட்டு எழுதினார்.

இரவு பகலாக உழைத்து உடல் நலிந்து, 1832-ல் காலமானார். மீதிக் கடனை அவருடைய புத்தகங்களின் வருமானமே அடைத்தது.

அவர் மூத்த மகன் வால்ட்டர் ராணுவ அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்தார். நோயுற்று, 1847-ல் ஊர் திரும்பும் வழியில் கப்பலிலேயே உயிர் நீத்தார்.

கதையில் வந்த பிள்ளை இந்தியாவிலிருந்து வீடு திரும்பினான். ஸ்காட்டின் மைத்துனரும் திரும்பவில்லை, மகனும் திரும்பவில்லை.