வள்ளல் பச்சையப்பர்

பழைய செங்கற்பட்டு மாவட்டம் 1997இல் இரண்டாகப் பிரிவதற்கு முன், பெரியபாளையமும் காஞ்சிபுரமும் அதன் எல்லைக்குள்ளேயே இருந்தன. முன்னது பச்சையப்பர் பிறந்த ஊர்; பின்னது அவர்தம் முன்னோர் ஊர். தந்தையார் விசுவநாத முதலியார் இறந்த பின்னர், 1754இல் அவர் பிறந்தார். கைம்பெண்ணாய் நின்ற தாயார் பூச்சியம்மாள் பெரியபாளையத்தில் ரெட்டிராயர் என்னும் அன்பரின் ஆதரவில் வாழ்ந்து மகனை வளர்த்தார். அவ்வன்பர் மறைந்ததும் குடும்பம் சென்னைக்கு வந்தது. அங்கே பௌனி நாராயண பிள்ளை என்னும் துபாஷி அச்சிறுவனைத் தம் நிழலில் சேர்த்துக்கொண்டார்.

துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவன் என்பது சொற்பொருள். நடைமுறையில் அவன் மொழிபெயர்ப்பாளன் மட்டுமல்லன். வெள்ளைக்காரனின் பணப்பை, தரகன், கடன் கொடுப்பவன், சமயத்தில் கடன் வாங்குபவனுங்கூட. பச்சையப்பர் பதினாறு வயதளவிலேயே தரகில் தேர்ந்தார். பின்னர்ச் சல்லிவன் என்னும் ஆங்கிலேயரிடம் துபாஷியானார். கும்பினியின் கைக்கு வந்திருந்த செங்கற்பட்டுச் சாகீர் 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பால் பாழ்பட்ட காலம் அது. பிறகு தஞ்சைச் சீமையில் வரிக் குத்தகையும், அவ்வரசு கும்பினிக்குச் செலுத்தவேண்டிய தொகைக்குப் பிணை நிற்றலும் அவருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தன. அச்செல்வத்தின் ஊற்றுக்கண் உழவன் களத்து நெல் என்பதை, அவரைப் புகழ்வோர் பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்லுவதால் அவர் பெருமை குறைந்துவிடாது.

சென்னையில் அவர் கோமளீசுவரன்பேட்டையில் குடியிருந்தார். கூவத்தில் நீராடிவிட்டுக் கோயிலுக்குச் செல்வது அவர் வழக்கம். கூவத்தில் நீராடினார் என்பதை இன்று படிப்பவர் இருமுறை படிக்கக்கூடும்! காஞ்சி, சிதம்பரம் ஆகிய தலங்களில் அவர் செய்த திருப்பணிகள் பல. அவையெல்லாம் மன்னரும் வணிகரும் காலங்காலமாகச் செய்து வந்தவையே. ஆனால் அவர் வாழ்வின் கடைசி நாட்களில் செய்தது புதிது.

நாற்பது வயதும் நிரம்பாமல் நோயுற்றுக் கும்பகோணத்தில் கிடந்தபோது, 1794 மார்ச்சு 22ஆம் நாள் அவர் ஓர் உயில் எழுதினார். ஆண்மகவு இல்லை, இரு மனைவியர் இருந்தனர். தம் செல்வத்தைக் கோயில் தருமங்களுக்கென எழுதி வைத்து, பாதுகாக்கும் பொறுப்பை நாராயண பிள்ளையிடம் விட்டார். அம்மாதம் 31ஆம் நாள் திருவையாற்றில் உயிர் நீத்தார். இந்தியர் ஒருவர் இவ்வகையில் அறத்துக்கென எழுதிய தொடக்ககால உயில்களுள் இதுவும் ஒன்று. அதுவரை கொடை என்பது உயிரோடிருக்கும் கை நீட்டுவது, அல்லது கல்லில் வெட்டிய நிலம். இங்கே கொடையாளி மறைந்த பின்னும் முதல் அழியாமல், வட்டி மட்டும் அறம் செய்யவேண்டும் என்ற ஏற்பாடு நீதிமன்றத்தின் முன் நிற்கக்கூடிய எழுத்தாயிற்று.

ஆனால் எழுத்து தானே நடப்பதில்லை. உறவினரும் பொறுப்பாளரும் வழக்காடினர். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் தருமம் முடங்கிக் கிடந்தது. பணத்தின் வட்டி மட்டும் வளர்ந்தது. அரசு வழக்குரைஞர் ஹெர்பர்ட் காம்ப்டன் இதைக் கையிலெடுத்தார். அவர்க்குப்பின் வந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாது தொடர்ந்தார். சென்னை உச்ச நீதிமன்றம் கோயில் கட்டளைகளுக்கு உரிய தொகையை ஒதுக்கி, மிகுந்ததைக் கல்விக்குச் செலவிடப் பணித்தது. கட்டளை விவரங்கள் கோயில்களில் கல்லிலும் பொறிக்கப்பட்டன. இந்துக்களே அடங்கிய அறங்காவலர் குழு ஒன்று அமைந்தது. 1842 சனவரி 1இல் பிராட்வேயில் பள்ளி திறக்கப்பட்டது. 1850இல் ஏதென்சு நகரத்துக் கோயிலொன்றின் சாயலில் எழுந்த பச்சையப்பன் மண்டபம் அப்பள்ளிக்கு இல்லமாயிற்று. 1889இல் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது.

உயிலில் இல்லாத பள்ளி இது. பச்சையப்பர் கேட்டது பூசையும் அன்னமும். மிச்சத்தைப் பள்ளியாக்கியது பிறர் எண்ணம். கொடுத்தவர் மனத்தை மீறியதா, விரித்ததா என்னும் வினா நியாயமானது. விரித்தது என்பதே பொருத்தம். ஆயினும் கதவைக் குறுகலாகவும் வைத்தவர்கள் அறங்காவலர்களே. ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்க்கு 1920களின் பிற்பகுதி வரையிலும், பிற சமயத்தார்க்கு 1947 வரையிலும் அங்கே இடமில்லை. அந்தத் தடையைப் பச்சையப்பர் தலையில் ஏற்றுவது முறையன்று.

இதே மாவட்டத்தின் கீழ்க்கரையில், மாமல்லபுரத்துக்கு அருகே நெம்மேலியில் வாழ்ந்த ஆளவந்தார் நாயகரின் 1914ஆம் ஆண்டு உயிலை இதனோடு வைத்துப் பார்க்கலாம். கடலோர மணலில் சவுக்கு வளர்த்த அவர், 1,054 ஏக்கர் நிலத்தைத் திருவிடந்தை, மாமல்லபுரம் பெருமாள் கோயில்களின் தருமங்களுக்கென விட்டுச் சென்றார். பச்சையப்பர் விட்டது பணம். இவர் விட்டது மணல். அந்த மணலின் ஒரு பகுதியில்தான் சென்னைக்குக் குடிநீர் தரும் நெம்மேலிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. இரண்டு உயில்களும் எழுதியவர் கனவிலும் காணாத பயனுக்கு வந்தன.

பச்சையப்பர் அறக்கட்டளை காஞ்சியிலும் பள்ளி நடத்தியது. நெசவாளர் நிறைந்த அவ்வூரில் அதில் படித்த அண்ணாதுரை, பின் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளியல் பயின்றார், 1967இல் முதலமைச்சரானார். கணிதமேதை இராமானுசனும் அக்கல்லூரியில் சில காலம் படித்துத் தேர்வில் தோற்றவர். 1940இல் கல்லூரி சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த மு. வரதராசனார், 1961 வரை அவ்வகுப்பறைகளில் தமிழ் கற்பித்தார்.