பிலிப்பைன்ஸ் திரையுலகின் முன்னோடி

ஹோசே நெபோமுசேனோ 1893ஆம் ஆண்டு மணிலாவில் பிறந்தார். நிழற்படக் கலையில் தேர்ச்சி பெற்ற அவர், அந்நகரில் நடத்திய நிழற்பட நிலையம் நல்ல வருவாய் ஈட்டித் தந்தது. ஆனால், அக்காலத்தில் பிலிப்பைன்ஸ் மக்களின் கதைகளைத் திரைப்படமாக்கியவர்கள் அமெரிக்கர்களே. அந்நிலையை மாற்ற விரும்பிய நெபோமுசேனோ, தம் நிலையத்தை விற்றுப் படக்கருவிகளை வாங்கினார். 1917இல் தம் சகோதரர் ஹெசூசுடன் இணைந்து ‘மலாயன் மூவீஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். உடனே கதைப்படம் எடுக்க அவர் அவசரப்படவில்லை; முதலில் ஆவணப்படங்களை எடுத்துக் கைபழகினார்.

1919இல் ‘தலாகாங் புகித்’ வெளியானது. ‘நாட்டுப்புறப் பெண்’ என்பது அதன் பொருள். பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படம் அதுவே. ஊமைப்படமாக இருந்தும் கொட்டகையில் பாட்டு ஒலித்தது! நாயகி அதாங் டெ லா ராமா அரங்கிற்கே நேரில் வந்து, திரையில் தம் உருவம் அசையும்போது தம் குரலில் பாடினார்.

1923இல் ஜப்பானைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபோது, நெபோமுசேனோ செய்திப்படக் கலைஞராக அந்த அழிவைப் பதிவு செய்தார். பின்னர்ப் பேசும்படங்களையும் இயக்கினார். 1959இல் அவர் காலமானார்.

‘தலாகாங் புகித்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை.