சேப்பாக்கத்துச் சிற்பி: இராபர்ட் சிஷோம் துரை

காட்டுப்பள்ளியினின்று எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் எனக் கடலோரமாகத் தென்றிசை நோக்கி வருவோர், வழியில் இரு கட்டடங்களைக் காண்பர். 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இராயபுரம் இரயில் நிலையம் யவனர் கோயில்போல் உயர்ந்த தூண்களோடு நிற்கின்றது. சிறிது தூரம் கடந்தால், 1884-இல் முற்றுப்பெற்ற தலைமைத் தபாலகம் செந்நிறச் சுவர்களோடும் இந்நாட்டுச் சாயலுள்ள வளைவுகளோடும் தோன்றுகின்றது. இடையே கழிந்தவை இருபத்தெட்டு ஆண்டுகளே. அதற்குள் ஆங்கிலச் சிற்பிகளின் கருத்து இவ்வளவு மாறியதற்குக் காரணராயிருந்தவருள் முதல்வர், அத்தபாலகத்தை அமைத்த இராபர்ட் பெல்லோஸ் சிஷோம் துரை ஆவர்.

இவர் 1840-இல் இலண்டன் மாநகரிற் பிறந்தவர். இளமையிலேயே கல்கத்தாவை அடைந்து பொதுப்பணித் துறையில் அமர்ந்தார். அக்காலத்தே சென்னையில் மாநிலக் கல்லூரிக்கு நிலையான இல்லம் ஒன்றில்லை. 1840-இல் எழும்பூரில் ஒரு வீட்டிலே சிறு பாடசாலையாகத் தொடங்கி, மறு ஆண்டில் பிராட்வேக்குப் பெயர்ந்து, 1855-இல் கல்லூரி என்னும் பெயரெய்தியது அது. பிற கல்லூரியின் கதை நம் இதழுக்கு எற்றுக்கு என்று வினவுவார் இருத்தல் கூடும். வாடகை வீட்டிற் பிறந்து கடன்வாங்கிய கூரையின்கீழ் வளராத பழங்கல்லூரி இந்நாட்டில் மிகச் சிலவே என்பதை அன்னார் நினைவாராக. புதிய இல்லத்திற்கு வரைபடங்கள் போட்டி முறையிற் கோரப்பட்டன. வென்றவர் ஏறத்தாழ இருபத்தைந்து வயதினரான சிஷோம். அவர் சென்னைக்கு வந்தார், இடமோ சேப்பாக்கம்.

சேப்பாக்கத்தில் வெற்றிடம் மட்டும் இருந்ததன்று. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவுக்காக 1768-ஐ ஒட்டி எழுப்பப்பெற்ற அரண்மனை அங்கே நின்றது. 1855-இல் நவாபு குலாம் கௌஸ்கான் பிள்ளைப்பேறின்றி இறக்கவே, கம்பெனியார் நவாபுப் பட்டத்தை ஒழித்தனர். கடனைத் தீர்க்கும்பொருட்டு அரண்மனை ஏலத்திற்கு வர, அரசாங்கத்தாரே அதனை வாங்கிக்கொண்டனர். குடியிருந்தவரை வெளியேற்றிய மனையிலே புதுக் குடியேற்றுவது எத்தகைய வேலை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கல்லூரிக் கட்டடம் இத்தாலிய முறையைத் தழுவி எழுந்து, 1870-இல் இராணியாரின் குமாரர் எடின்பரோக் கோமகனாரால் திறக்கப்பெற்றது. அழகிற் குறைவில்லை, எனினும் அருகிருந்த அரண்மனையோடு அஃது உறவு கொண்டாடியது என்று கூற என் மனம் இசையவில்லை. சிஷோமும் அவ்வாறே உணர்ந்தனர் போலும். ஏனெனில், அதனை அடுத்து அவர் கைக்கொண்ட வேலையில் அவருடைய கை முற்றிலும் வேறாயிற்று.

அவ்வேலை, 1786-இல் நிறுவப்பெற்ற பழைய வருவாய் வாரியத்திற்கு அரண்மனையிலேயே இல்லம் அமைப்பது. கலசமகால், உமாயூன்மகால் என அரண்மனை இரு பகுதியாக இருந்தது. அவற்றை இடித்துப் புதிது கட்டுதல் எளிது. முன்னே ஓர் ஆங்கில முகப்பை ஒட்டி மறைத்தல் அதனினும் எளிது. சிஷோம் இரண்டனையும் விடுத்து, இரு மகால்களுக்கும் இடையே ஒரு கோபுரத்தை எழுப்பினார். பழைய வளைவுகளையும் குவிமாடங்களையும் நன்கு ஆராய்ந்து அவற்றின் இனமாகவே அதனைச் செய்தமையால், அறியாதார் அக்கோபுரமும் நவாபு காலத்ததே என்பர். இத்திறமையே ஒரு வகையிற் குற்றமும் ஆகும். பறிக்கப்பட்ட மனை பறிக்கப்பட்டதாகவே தோன்றாமல் அஃது ஆக்கிவிட்டது. புகழ்வோர் இதனையும் உடன் கூறுதல் நேர்மை.

அந்நாளில் ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு, இந்நாட்டுக்கு இந்நாட்டுச் சிற்பமே ஏற்றது என்னும் கொள்கையினர். அவர் காலத்தே மதுரையில் பாழடைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிடும் பணியிலும் சிஷோம் ஈடுபட்டார். அங்கே பின்னர் நீதிமன்றங்கள் நெடுங்காலம் நடைபெற்றன. மழையில் கரைந்து அழியவிருந்த மண்டபம் வழக்காடுவாரின் காலடியால் உயிர்பிழைத்தது.

1874 முதல் 1879 வரை எழுந்த சென்னைப் பல்கலைக்கழகத்து செனெட் மாளிகையே அவரது தலைசிறந்த படைப்பு என்பது என் துணிபு. அரண்மனைக்கு அண்மையில் நிற்கும் அது நான்கு மூலைக் கோபுரங்களுடனும் வண்ணக் கண்ணாடிப் பலகணிகளுடனும் விளங்குவது. கல்லூரியைக் கட்டியபோது அயலாரை நோக்காதவர், இம்மாளிகையில் அவர்களோடு உரையாடக் கற்றிருந்தார். திருவனந்தபுரத்து நேப்பியர் காட்சிசாலையை அமைக்குங்கால் மலையாள நாட்டுக் கூரையையே எடுத்தாண்டார். ஊர்தோறும் ஒரே அச்சை ஊன்றும் வழக்கம் அவரிடம் இல்லை. 1877 முதல் ஆறாண்டு சென்னைக் கைத்தொழிற் கலாசாலைக்கும் தலைவராயிருந்தார்.

பின்னாளில் பரோடாவில் மாண்ட் துரை 1881-இல் இறக்க, முடியாது நின்ற இலட்சுமி விலாச அரண்மனையை முற்றுவித்தார். இங்கிலாந்து மீண்டபின் இலண்டனிற் கட்டிய தேவாலயம் ஒன்று 1907-இல் திறக்கப்பெற்றது. 2004 முதல் அஃது இன்னிசை மன்றமாக வழங்குகின்றது. சிஷோம் 1915-இல் காலமானார்.

அவர் இணைத்த சேப்பாக்கத்து அரண்மனையோ, பின்வந்த அரசாங்க அலுவலகங்கள் முன்னே நெருங்கியமையால் கடற்சாலையினின்று எளிதிற் காணவொண்ணாததாயிற்று. 2012 ஜனவரியிற் கலசமகால் தீப்பற்றிப் பெரிதும் அழிந்தது. இடிக்கலாம் என்போர் இருந்தும், மரபு நெறி தவறாமல் அது மீட்கப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இல்லமாயிற்று. நாம் புறப்பட்ட எண்ணூர்க் கழிமுகத்தின் மாசு பற்றிய வழக்குகளும் அவ்வமர்வின் முன்னரே வந்துள்ளன.