எண்ணெய் டின்னும் பெருந்தலைவரும்

மலருக்கு ஒரு தலைவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது சுந்தரபாண்டியபுரத்தில் எங்க ஆச்சி வீட்டு டின்தான். அடுப்படி மூலையில் உளுந்து போட்டு வைத்திருக்கும் பழைய தகர டின். இரண்டு கைகள் குலுக்குற படம் பாதி அழிஞ்சு கிடக்கும். அமெரிக்க உதவி எண்ணெய் வந்த டின் அது. அந்த எண்ணெயில் கிண்டின கோதுமை ரவை உப்புமாவைத் தின்னுதான் ஆச்சி ஐந்தாவது வரை படிச்சாங்க.

அதனால் மதிய உணவே அமெரிக்காக்காரன் கொடுத்ததுன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். தப்பு!

காமராசர் 1903 ஜூலை 15-ல் விருதுபட்டியில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்து, படிப்பை விட்டு, மாமாவின் துணிக்கடையில் நின்றவர். பிறகு காங்கிரஸ், உப்பு சத்தியாகிரகம், ஜெயில்... சுமார் 9 வருஷம் சிறையிலேயே போனது. 1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார்.

1956-ல் மதிய உணவைத் தொடங்கியபோது வெளிநாட்டு மூட்டை எதுவும் கிடையாது. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு 10 காசு கணக்கு. 6 காசு அரசு, 4 காசு ஊர்க்காரர்கள். அரிசியும் காய்கறியுமாகக் கொடுத்தவர்களும் உண்டு. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் எல்லாம் ஊர்மக்கள் தந்ததுதான். 'கேர்' நிறுவனத்தின் பால் பவுடரும் மாவும் எண்ணெயும் வந்தது 1961-ல். அதற்கு முன்னாலேயே அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருந்தது!

மெஷின் விஷயத்திலும் அவர் கூச்சப்படவில்லை. நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கு சோவியத் உதவி, சுரங்க யந்திரங்களுக்கு மேற்கு ஜெர்மனி. 1962-ல் அங்கே மின்சாரம் வந்தது. நாம் லேபில் படம் வரைந்து கை வலிக்கிற பாய்லர் இருக்கே, அதைச் செய்யும் திருச்சி தொழிற்சாலை செக்கோஸ்லோவாகியா துணையோடு வந்தது. இவையெல்லாம் மத்திய அரசுத் திட்டங்கள்தான். ஆனால் அவற்றை இங்கே கொண்டு வரச் சேர்ந்து பாடுபட்டவர்கள் அவரும் தொழில் அமைச்சர் ஆர்.வெங்கட்ராமனும். எல்லாமே நிலைக்கவில்லை என்பதையும் சொல்லணும். பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தில் வந்த ஊட்டி பிலிம் தொழிற்சாலை மூடிவிட்டது.

ஆப்பிரிக்காவில் நைஜர், புர்க்கினா பாசோ மாதிரி கடலே இல்லாத ஏழை நாடுகள் உதவி வாங்கியும் ஏன் முன்னேறலைன்னு நம்ம ஹாஸ்டலில் ஒரு ராத்திரி வாக்குவாதம் நடந்ததே, ஞாபகம் இருக்கா? காமராசரைக் காட்டி அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு யந்திரம் வரணும்னாலும் அவர்கள் பக்கத்து நாட்டுத் துறைமுகத்தை நம்பணும். நமக்கு சென்னையும் தூத்துக்குடியும் இருந்தன. கூடவே 4 காசு போட ஊரும் இருந்தது.

1963 அக்டோபர் 2-ல் கட்சி வேலைக்காகப் பதவியை விட்டார். 1975-ல் அதே அக்டோபர் 2-ல் மறைந்தார். 1976-ல் பாரத ரத்னா. அவர் போன பிறகு கேர் மூட்டைகளும் நின்றன. சோறு நிற்கவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கியதில் எங்க அப்பா சாப்பிட்டார், பிறகு நானும் சாப்பிட்டேன்.

மலரில் போட அந்த டின்னை போட்டோ எடுக்கப் போனேன். உளுந்தைக் கொட்டிடாதேன்னு ஆச்சி கிட்டேயே விடலை!