வளரிளம் வாசகரின் தோழர் பெரியசாமித் தூரன்

கொங்கு நாடு தமிழுக்கு ஈந்த சான்றோருள் ம.ப. பெரியசாமித் தூரனை இசையுலகம் நன்கறியும். அவர் இயற்றிய பல நூறு தமிழ்க் கீர்த்தனைகள் இன்றும் மேடைதோறும் ஒலிக்கின்றன. தமிழுலகமோ அவரைக் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராகப் போற்றுகின்றது. இவ்விரு புகழ்களுக்கும் நடுவே அவருடைய மூன்றாவது முகம் மறைந்து கிடக்கின்றது. குழந்தைப் பருவம் நீங்கியும் முதிர்ச்சி இன்னும் எய்தாத இளையோரை மனக்கண்முன் நிறுத்தி நூல் எழுதியவர் அவர். அந்த முகத்தையே இக்கட்டுரையில் காண முனைகின்றோம்.

இரத்தினசபாபதிபுரம் என்னும் முழுப்பெயரைப் பலர் மறந்துவிட்ட ஆர்.எஸ்.புரத்தில், கௌலி பிரவுன் சாலையில் கோவை மாவட்ட மைய நூலகம் உள்ளது. இத்தகைய நூலகம் ஒன்றில் பதின்மூன்று வயது மாணவன் நுழைகின்றான் என்று கொள்வோம். காக்கையும் நரியும் பேசும் கதைகள் அவனுக்கு இனி வேண்டாம். அவற்றைத் தம்பிக்கு விட்டுவிட்டான். பெரியோர் படிக்கும் நாவல்களோ அவனுக்கு இன்னும் எட்டவில்லை. நடுவே உள்ள தட்டில் அவனுக்கென இருப்பது என்ன? ஆங்கிலத்தில் இவ்வயதினர்க்கென்றே தனிவகை நூல்கள் எழுதிக் குவிக்கப்படுகின்றன. 1997-இல் ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் வெளிவந்த பின்னர் நம் நகரத்து இளையோரும் அத்தட்டின் பக்கமே சாய்ந்தனர். அவர்களைக் குறைகூற நாம் முன்வரவில்லை; ஒரே கதையைப் பல்லாயிரவர் ஒருங்கே படித்து, அதைப் பற்றியே பேசித் திரியும் இன்பம் அவர்களை ஈர்த்தது. அவ்வின்பத்தைத் தமிழில் அளிக்க முயன்றோர் இருந்தனர். அவருள் முன்வரிசையில் நிற்பவர் தூரன்.

ஈரோட்டுக்கு அருகே மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில் 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அவர் பிறந்தார். தூரன் என்பது கொங்கு வேளாளருள் ஒரு குலத்தின் பெயர். அதுவே பின்னாளில் அவருக்குப் புனைபெயர்போல் நிலைத்துவிட்டது. அதே 1908-ஆம் ஆண்டில்தான் இலண்டனில் ஆர்தர் மீ என்பார் சிறுவர்க்கான ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தை இருவாரத்துக்கு ஒரு பகுதியாக வெளியிடத் தொடங்கினார். அறுபது ஆண்டுகள் கழித்துத் தமிழ்ச் சிறுவர்க்கு அத்தகைய நூலை அளிக்கப்போகும் மகவு, அவ்வாண்டில் கொங்கு நாட்டு வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தமை எண்ணி மகிழத்தக்க பொருத்தமாகும்.

உயர்கல்வி பெறச் சென்னை சென்று மாநிலக் கல்லூரியில் பயின்றபோதுதான் தூரனின் வாழ்க்கை திசைபெற்றது. அதற்குக் காரணம் பாடநூல்கள் என்பதைவிட நண்பர் குழாம் என்பதே சரியாகும். சி. சுப்பிரமணியம், ஓ.வி. அளகேசன், கே.எஸ். இராமசாமி, பின்னாளில் நீதிபதியாக விளங்கிய பழனிசாமி ஆகியோருடன் கூடி அவர் வனமலர்ச் சங்கம் என்ற ஒன்றை அமைத்தார். நகரத்துப் பூங்காவில் தோட்டக்காரன் நீர்விட மலரும் மலர் வேறு. காட்டில் தானே மலரும் மலர் வேறு. ஊர்ப்புறத்திலிருந்து வந்த அவ்விளைஞர்கள் தம் சங்கத்துக்கு இப்பெயரைச் சூட்டியதில் அடக்கமும் உண்டு, சிறிது செருக்கும் உண்டு என்றே நமக்குத் தோன்றுகின்றது. இச்சங்கத்தினர் கோபிசெட்டிபாளையத்திலிருந்து பித்தன் என்ற இதழையும் வெளியிட்டனர்.

இவ்விடத்தில் சற்றே நின்று செல்ல விரும்புகின்றோம். இருபது வயதை ஒட்டிய இளைஞர் சிலர் கூடுவதும், இதழ் நடத்துவதும் கல்லூரிகளில் என்றும் நிகழ்வனவே. அவ்விதழ்கள் பெரும்பாலும் அற்ப ஆயுள் உடையன. ஆயின் அக்குழுவினர் பின்னாளில் எய்திய நிலைகளைப் பார்த்தால் வியப்பு மேலிடுகின்றது. சுப்பிரமணியம் சென்னை மாநிலத்தின் கல்வி, நிதி அமைச்சராகவும், பின்னர் நடுவண் அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு வித்திட்டவராகவும் விளங்கினார். அளகேசனும் நடுவண் அமைச்சரவையில் இடம்பெற்றார். தூரன் ஒருவரே எழுத்தோடு நின்றார். நண்பர்கள் ஆட்சிப்பணிக்குச் செல்ல, அவர் மட்டும் அந்த மாணவர் சங்கத்தின் வேலையை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து செய்தார் என்று கூறினும் மிகையாகாது.

1931-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். அச்செய்தியால் உளம் கொதித்த தூரன் தம் பட்டத் தேர்வைப் புறக்கணித்தார். பட்டம் ஒன்று குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றவல்லதாக இருந்த காலம் அது. உழவர் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அதனை வேண்டாமென்று ஒதுக்கியமை எத்துணை பெரிய இழப்பென்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கோபிசெட்டிபாளையம் வைரவிழா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியப் பணி ஆற்றிய அவர், பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருட்டிண வித்தியாலயத்தில் சேர்ந்து தலைமையாசிரியராகவும் விளங்கினார். தி.சு. அவினாசிலிங்கம் 1930-இல் நிறுவிய வித்தியாலயம் அது. மாணவர்கள் அங்கேயே தங்கிப் பயின்றனர். வகுப்பில் ஒரு மணி நேரம் மட்டும் மாணவனைக் காணும் ஆசிரியருக்கு அவன் மதிப்பெண் மட்டுமே தெரியும். விடுதியும் பள்ளியும் ஒன்றாய் அமைந்த இடத்திலோ அவன் அழுகையும் அச்சமும் குறும்பும் தெரியும். தூரனின் உளவியல் நூல்கள் இத்தகைய பட்டறிவின் துணையின்றிப் பிறந்திருக்க முடியாது என்பது நம் துணிபு. குழந்தை உள்ளம், தாழ்வு மனப்பான்மை, அடிமனம் என அவர் எழுதியவற்றுள் குமரப் பருவம் என்ற நூல் நம் பொருளுக்கு நேரே உரியது. குழந்தையும் அல்லாத, ஆளும் ஆகாத அந்த இடைப்பருவத்தினரைப் பெற்றோர் எளிதில் புரிந்துகொள்வதில்லை. அப்பருவத்துக்கென்றே தமிழில் ஒரு தனிநூல் எழுத வேண்டுமென்று அன்றே கருதியவர் அவர்.

பருவத்தை ஆராய்ந்ததோடு அவர் அமையவில்லை. அப்பருவத்தினர் கையில் கொடுக்கக் கதைகளையும் எழுதினார். கொல்லிமலைக் குள்ளன், மாயக்கள்ளன், தரங்கம்பாடித் தங்கப் புதையல், சூரப்புலி, ஓலைக்கிளி, நாட்டிய ராணி எனத் தலைப்புகளைச் சொன்னாலே கை நீளும். கொல்லிமலையும் தரங்கம்பாடியும் நம் நாட்டு ஊர்கள். புதையல் தேட அயல்நாட்டுத் தீவுக்குக் கப்பலேற வேண்டியதில்லை; நாமக்கல்லுக்குப் பேருந்து ஏறினால் போதும் என்று இளைய வாசகனுக்கு உணர்த்தும் தலைப்புகள் அவை. சூரப்புலியில் நாய் ஒன்றே கதைத் தலைமை தாங்குகின்றது. இக்கதைகளின் நடை இன்றைய விரைவுக்குச் சற்றே நிதானமாகத் தோன்றலாம். எனினும் வாசகனைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லாமல், தோளில் கைபோட்டு உடன் நடக்கும் குரல் அவற்றில் உண்டு. அறிவுரை கூறும் ஆசை பள்ளி ஆசிரியருக்கு எளிதில் அடங்காது; அவர் கதை சொல்லும்போது பெரிதும் அடக்கியே வைத்தார்.

மொழிபெயர்ப்பிலும் அவர் நாட்டம் இவ்வயதினர் பக்கமே இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1903-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கதை, உலகெங்கும் பதின்வயதினர் விரும்பிப் படிப்பது. பனிநாட்டில் இழுவண்டி இழுக்க விற்கப்பட்ட நாய் ஒன்று மெல்ல மெல்லக் காட்டின் அழைப்புக்குச் செவிசாய்ப்பதைக் கூறும் அந்நூலைக் கானகத்தின் குரல் என்ற பெயரில் தூரன் தமிழாக்கினார். பறவையியலறிஞர் ஜமால் ஆரா அம்மையார் இளையோர்க்கென எழுதிய நூலையும் பறவைகளைப் பார் என்று தமிழில் தந்தார். காட்டு நாயும் வீட்டுப் பின்புறத்துக் குருவியும் ஒரே மேசையில் இடம்பெற்றமை அவர் உள்ளத்தின் அகலத்தைக் காட்டும்.

அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த காலம் தமிழ் வாசகருக்குப் பொற்காலம் எனலாம். 1948-இல் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் இடையறாது வற்புறுத்திய கருத்துக்குச் சட்டவடிவம் கிடைத்தது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவும் நூலக வரியும் ஏற்பட அதுவே அடிப்படை. ஆர்.எஸ்.புரத்து நூலகத்தில் நாம் உறுப்பினராய்ச் சேர்ந்து எடுக்கும் ஒவ்வொரு நூலுக்கும் பின்னால் அச்சட்டம் நிற்கின்றது. அதே அமைச்சர் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், தமிழில் கலைக்களஞ்சியம் உருவாக்கும் பொறுப்பை மேற்கொண்டது. படிக்க இடம் ஒருபுறம், படிக்க நூல் மறுபுறம் என இரண்டையும் ஒரே கொங்குநாட்டார் ஒரே காலத்தில் எண்ணினார். நூலின் பொறுப்பைத் தம் வித்தியாலயத்துத் தலைமையாசிரியரிடமே ஒப்படைத்தார்.

1948-இல் சென்னைக்குச் சென்ற தூரன், பல்கலைக்கழக வளாகத்தில் அமர்ந்து பணியாற்றலானார். முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. ஒன்பதாம் தொகுதி 1963-இலும், இணைப்பாகப் பத்தாம் தொகுதி 1968-இலும் வந்தன. கலைச்சொல் இல்லாத துறைகளில் சொல்லை ஆக்கி, அறிஞரிடம் கட்டுரை பெற்று, அதனைத் திருத்திச் சீராக்கி அச்சேற்றும் வேலை எத்தகையது என்பதைச் சிறு மலர் ஒன்று தொகுத்துப் பார்த்தவரும் ஒருவாறு உணர்வர். 1968-இல் நடுவண் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

அத்தகைய நெடும்பணி முடிந்தபின் ஓய்வை நாடுவதே மனித இயல்பு. அவ்வாண்டே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது! 1976-இல் பத்தாம் தொகுதியோடு அதுவும் நிறைவுற்றது. தொகுதி ஒன்றுக்கு ஏறத்தாழ நூறு பக்கங்கள், வண்ணப்படங்களும் உண்டு. பெயர் குழந்தைகளுடையதாயினும், தானே நூலெடுத்துத் தேடிப் படிக்கும் வயதினர்க்கே அது பெரிதும் ஏற்றது. பெரியோர் கலைக்களஞ்சியத்தைச் சுருக்கித் தந்துவிட்டால் போதும் என்று அவர் கருதவில்லை. தெரிந்ததை எளிமையாகச் சொல்வது, தெரிந்ததை முழுமையாகச் சொல்வதினும் அரிது.

சென்னையில் 1950-இல் அழ. வள்ளியப்பா முதலியோர் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. எழுத்தாளருக்குச் சங்கம் அமைந்தது, இதழ்கள் பல வந்தன, நூல்களும் பெருகின. ஆனால் வனமலர்ச் சங்கம்போல் இளையோர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட சங்கங்கள் ஊர்தோறும் பெருகவில்லை. தமிழில் இளையோர் நூல்களின் நடுத்தட்டு மெலிந்து போனதற்கு எழுதுவார் இன்மையே காரணம் என்று பொதுவாகக் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. படித்ததைப் பற்றி வாதிட ஒரு தோழன் இல்லாத பதின்மூன்று வயதுப் பையன் அடுத்த நூலைத் தேடிச் செல்வதில்லை. அவன் செல்லாவிடில் பதிப்பகத்தார் மறுபதிப்பு இடுவதில்லை. தூரனின் கதைகள் பல இவ்வாறே கடைகளிலிருந்து மறைந்தன.

தூரன் 1987-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் மறைந்தார்.

இன்று நிலை சிறிது மாறியுள்ளது. கோவையை மையமாகக் கொண்டு இயங்கும் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தினர் 2010 முதல் ஆண்டுதோறும் விருது வழங்கி வருகின்றனர். ஆர்.எஸ்.புரம் இராசத்தானிச் சங்க அரங்கில் பல ஆண்டுகள் டிசம்பர்த் திங்களில் நடந்த அவ்விழாவில், வாசகர்கள் இரண்டு நாள் தங்கி எழுத்தாளரோடு உரையாடியுள்ளனர். தமிழ் விக்கி இணையக் கலைக்களஞ்சியத்தின் சார்பில் 2022 முதல் பண்பாட்டு ஆய்வாளர்க்குத் தூரன் பெயராலேயே விருது வழங்கப்படுகின்றது. முதல் விழா அவர் பிறந்த ஊருக்கு அண்மையிலுள்ள ஈரோட்டில் நடைபெற்றது. அங்குக் கூடுவோர் பெரும்பாலும் முதிர்ந்த வாசகர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இரு கலைக்களஞ்சியங்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கொல்லிமலைக் குள்ளன், மாயக்கள்ளன் முதலிய கதைகளையும் விக்கிமூலத்தில் கைப்பேசியிலேயே படிக்கலாம். தனியே படித்தால் ஒரு கதை அரைநாளில் முடிந்துவிடும். நால்வர் கூடிப் படித்தால், கள்ளனை யார் முதலில் கண்டுகொண்டார் என்னும் வழக்கே ஒரு வாரம் நீளும்.