வக்கீல் தொடங்கிய வங்கி

மலர்க் குழு நண்பர்கள் போன் பண்ணி, ஒரு கட்டுரை கொடுத்தே தீரணும் என்று சொல்லிவிட்டார்கள். ஹாஸ்டல் கலாட்டாக்களை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் வேறு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கும் கேள்வி அது. நிதித் துறைக்குப் போகணும் சார், சட்டம் படிக்கலாமா, எம்.பி.ஏ. படிக்கலாமா?

1986-ல் பி.காம். முடித்த எனக்கும் இதே குழப்பம். இரண்டு விண்ணப்பப் படிவங்களும் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு மாதம் கிடந்தன. கடைசியில் எங்கள் வணிகவியல் பேராசிரியரிடம் போய் நின்றேன். அவர் இது, அது என்று எதுவும் சொல்லவில்லை. வி. கிருஷ்ணசாமி அய்யர் என்ற ஒரு வக்கீலின் கதையைச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்று கேட்டதோடு, பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

கிருஷ்ணசாமி அய்யர் 1863-ல் தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, சட்டம் படித்து, உயர் நீதிமன்ற வக்கீல் ஆனார். அந்தக் காலத்தில் வணிகம் படிக்க நம் நாட்டில் கல்லூரி ஏது? ஹார்வர்டில்கூட வணிகப் பள்ளி 1908-ல்தான் ஆரம்பித்தது. படித்த நம்மவர்களுக்குத் தெரிந்த பெரிய வழிகள் சர்க்கார் உத்தியோகமும் வக்கீல் தொழிலும்தான். இவரும் அப்படி வந்தவரே. மயிலாப்பூரில் வீடு, கோர்ட்டில் நல்ல பெயர், காங்கிரசில் மிதவாதிகள் பக்கம். அப்படியே இருந்திருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருப்பார்.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. சாதாரண கம்பெனி இல்லை, நூறு வருஷத்துக்கு மேல் நடந்த வெள்ளைக்காரக் கம்பெனி. வியாபாரத்தோடு வங்கி வேலையும் பார்த்தது. பென்ஷன்காரர்கள், விதவைகள், சின்னச் சின்ன உத்தியோகஸ்தர்கள் எல்லாரும் அதில் பணம் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பணம் லண்டனில் இருந்த கூட்டாளி நிறுவனத்தின் வழியாக ஆபத்தான முதலீடுகளில் போய்க் கரைந்திருந்தது. லண்டன் கூட்டாளி தற்கொலை செய்துகொண்டார். இங்கே சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஆனால் தண்டனை கொடுத்தால் போட்ட பணம் வந்துவிடுமா?

கிருஷ்ணசாமி அய்யர் பணம் பறிகொடுத்தவர்களுக்காக வழக்காடினார். வழக்குக்காகக் கணக்குப் புத்தகங்களுக்குள் நுழைந்தவர், அங்கே பார்த்ததை வழக்கோடு விட்டுவிடவில்லை. அர்பத்நாட் என்பது சில பங்குதாரர்கள் சேர்ந்து நடத்திய கூட்டு நிறுவனம். உள்ளே என்ன நடக்கிறது என்று பணம் போட்டவருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பெயரை நம்பிப் பணம் போட்டார்கள், அவ்வளவுதான். இனிமேல் நம் ஜனங்களின் பணத்துக்கு நம் ஊரிலேயே ஒரு வங்கி வேண்டும், அது 1882-ம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டப்படி பங்குதாரர்களும் இயக்குநர்களும் கொண்டதாக இருக்க வேண்டும் என்று அவரும் நண்பர்களும் கிளம்பினார்கள்.

பணம் பறிபோன ஊரிலேயே போய், மறுபடியும் பணம் போடுங்கள் என்று கேட்பது லேசான காரியமா? ஆனாலும் கேட்டார்கள். செட்டிநாட்டு நகரத்தார் கைகொடுத்தார்கள். கம்பெனி விழுந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1907 மார்ச் 5-ல் இந்தியன் வங்கி பதிவானது. அதே வருஷம் ஆகஸ்ட் 15-ல் கதவைத் திறந்தது. 1969-ல் நாட்டுடைமையாகி, 2020-ல் அலகாபாத் வங்கியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு இன்றும் நடக்கிறது.

அதற்காக அவர் கோட்டைக் கழற்றிவிட்டு மேனேஜர் நாற்காலியில் உட்காரவில்லை. 1909-ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். 1911-ல் கவர்னரின் நிர்வாக சபையில் உறுப்பினரானார். அந்த வருஷ டிசம்பரிலேயே, 48 வயதில் காலமாகிவிட்டார். இன்னொன்றும் சொல்லணும். பாரதியார் தீவிரவாதக் கட்சி, இவர் மிதவாதி. அப்படியிருந்தும் பாரதியின் பாட்டைக் கேட்டு உருகி, தன் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். சொன்னது யார் என்று பார்க்காமல், சொன்ன விஷயத்தைப் பார்த்த மனசு அது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் நான் சட்டப் படிவத்தை நிரப்பினேன். பிறகு ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் வேலை. கதை இங்கே முடிந்தால் நல்லாத்தான் இருக்கும். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

1995-ல் அப்பா ரிட்டயர் ஆனார். வந்த பணத்தில் பெரும்பகுதியை அதிக வட்டி தருவதாகச் சொன்ன ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட நினைத்தார். படிவத்தை என்னிடம் நீட்டி, ஒரு தடவை பார்த்துச் சொல்லுப்பா என்றார். அன்றைக்கு எனக்கு அவசரம். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, சரிப்பா, போடுங்க என்றேன். இரண்டு வருஷத்தில் அந்தக் கம்பெனி வாசலில் பூட்டு. அப்போது தமிழ்நாடு முழுவதும் இதே கூத்து. அதனால்தான் 1997-ல் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே வந்தது. எங்களுக்கு ஒரு சிறு பகுதி திரும்பக் கிடைத்தபோது அப்பா உயிரோடு இல்லை. ஒருநாள்கூட அவர் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

சட்டப் பட்டம் சுவரில் மாட்டியிருந்தது. படிவத்தின் பின்பக்கத்தைத்தான் நான் படிக்கவில்லை.

ஆகவே தம்பி, தங்கைகளே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தம், கடன் வசூல், திவால் வழக்கு, விதிமுறைக் கண்காணிப்பு இவற்றில் மனசு போனால் சட்டம் படியுங்கள். பட்டத்துக்குப் பின் மூன்று வருஷம், பிளஸ் டூ முடித்து நேராகப் போனால் ஐந்து வருஷம். ஒரு தொழிலுக்கு எவ்வளவு பணம் தேவை, அதை எங்கே திரட்டுவது, எதில் போடுவது என்ற கணக்கில் ஆசை இருந்தால் இரண்டு வருஷ எம்.பி.ஏ. நல்லது. எதை எடுத்தாலும் மற்றதன் அரிச்சுவடியையாவது கற்றுக்கொள்ளுங்கள். இருப்புநிலைக் குறிப்பு படிக்கத் தெரியாத வக்கீலும், ஒப்பந்தம் படிக்கத் தெரியாத எம்.பி.ஏ.வும் நிதித் துறையில் பாதிக் கண்ணோடு நடப்பவர்கள். 2016-ல் வந்த திவால் சட்டத்துக்குப் பிறகு இந்த இரண்டு கூட்டமும் ஒரே மேஜையில்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

எந்தப் படிப்பு என்று கேட்பதற்கு முன்னால், யாருடைய பணம் என்று கேளுங்கள். கிருஷ்ணசாமி அய்யர் அதைத்தான் கேட்டார். நான் ஒருநாள் கேட்க மறந்தேன். நீங்கள் மறக்க வேண்டாம்.