சூரியனைப் படித்தவருக்கு ஹாஸ்டலில் இடமில்லை: மேக்நாத் சாஹாவின் மாணவர் வாழ்க்கை சொல்வது என்ன?

ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது ஒரு விஷயம். அங்கே போய் மூன்று வேளையும் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடுவது இன்னொரு விஷயம். முதலாவதை மதிப்பெண் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை யார் பார்த்துக்கொள்வது?

இந்தக் கேள்வி இன்றைக்கும் நம் கல்லூரி விடுதிகளில் இருக்கிறது. 1911-ல் கல்கத்தாவுக்குப் படிக்க வந்த 18 வயதுகூட நிரம்பாத ஒரு மாணவரின் வாழ்க்கையிலும் இருந்தது. பின்னாளில் நட்சத்திரங்களின் வெப்பநிலையைக் கணக்கிடும் வழியை உலகத்துக்குச் சொன்னவர் அவர். பெயர் மேக்நாத் சாஹா.

யார் இந்த சாஹா?

1893 அக்டோபர் 6-ம் தேதி, இன்றைய வங்கதேசத்தில் டாக்கா அருகே உள்ள சியோராத்தலி கிராமத்தில் பிறந்தார். அப்பா ஜகந்நாத் சாஹா சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், பிறகு கடையில் உட்காரட்டும் என்பதுதான் அப்பாவின் எண்ணம்.

புயலும் இடியுமாக இருந்த நாளில் பிறந்ததால் முதலில் வைத்த பெயருக்கு மேகங்களின் நாதன் என்று பொருள். அதாவது இந்திரன். பிறகு அவரே ஓர் எழுத்தை மாற்றி, மேகத்தின் நாதம், அதாவது இடிமுழக்கம் என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டார். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது யார் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்திரனைத் தோற்கடித்த ராவணன் மகன், நம்ம இந்திரஜித்து.

11 ரூபாய்க் கணக்கு

கிராமத்தில் தொடக்கப் பள்ளிக்கு மேல் கிடையாது. அடுத்த பள்ளி சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி சிமுலியாவில். தினமும் நடந்து போய்வர முடியாது. அங்கே மருத்துவர் ஒருவர் தன் வீட்டில் இலவசமாகத் தங்கிப் படிக்க இடம் கொடுத்தார். ஆனால் நிபந்தனைகள் இருந்தன. வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும். தட்டுக்குக் காரணம் சாதி.

அங்கே படித்து டாக்கா மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். 1905-ல் டாக்கா காலேஜியேட் பள்ளியில் சேர்ந்தார். செலவுக்கு என்ன வழி? அரசு ஸ்காலர்ஷிப் மாதம் 4 ரூபாய். சணல் ஆலையில் வேலை பார்த்த அண்ணன் தன் சொற்பச் சம்பளத்தில் அனுப்பியது 5 ரூபாய். சமூகச் சங்கம் ஒன்று கொடுத்தது 2 ரூபாய். ஆக மொத்தம் 11 ரூபாய். இதில்தான் சாப்பாடு, தங்குமிடம், புத்தகம் எல்லாமே.

அதுவும் நிலைக்கவில்லை. வங்காளம் பிரிக்கப்பட்ட வருடம் அது. ஆளுநர் பாம்ஃபில்ட் ஃபுல்லர் டாக்காவில் பள்ளிக்கு வந்தபோது மாணவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். நடவடிக்கைக்கு ஆளானவர்களில் சாஹாவும் ஒருவர். பள்ளி போனது, கூடவே ஸ்காலர்ஷிப்பும் போனது. கிஷோரிலால் ஜூபிலி என்ற தனியார் பள்ளி கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொண்டு உதவித்தொகையும் கொடுத்ததால்தான் படிப்பு தொடர்ந்தது. 1909 நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்காள மாணவர்களில் அவரே முதலிடம்.

1911: கல்கத்தா

டாக்கா கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்து, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தார்.

அந்த வருடக் கல்கத்தாவைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஜூலை மாதம் மோகன் பகான் அணி, ஷூ போட்ட ஆங்கிலேய ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. பெரும்பாலான மோகன் பகான் வீரர்கள் வெறுங்காலோடு ஆடியவர்கள். டிசம்பரில் வங்கப் பிரிவினை ரத்து என்ற அறிவிப்பும், தலைநகர் டெல்லிக்குப் போகிறது என்ற அறிவிப்பும் ஒரே நாளில் வந்தன. கல்லூரி வாசலில் காலேஜ் ஸ்ட்ரீட், தெரு முழுக்கப் புத்தகக் கடைகள், ஊரெங்கும் அரசியல் பேச்சு.

வகுப்பறையும் அப்படித்தான். சத்யேந்திரநாத் போஸ், ஞான் சந்திர கோஷ் ஆகியோர் உடன் படித்தவர்கள். பிற்காலப் புள்ளியியல் மேதை மஹலனோபிஸ் ஒரு வருடம் சீனியர். ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். இப்படி ஒரு செட் இந்தியாவில் வேறு எந்தக் கல்லூரிக்கும் அமைந்ததா என்பது சந்தேகமே.

ஹாஸ்டலில் என்ன நடந்தது?

சாஹா தங்கியது ஈடன் இந்து ஹாஸ்டலில். அங்கே அவரோடு ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று மேல்சாதி மாணவர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சரஸ்வதி பூஜையில் மற்ற மாணவர்களோடு சேர்ந்து மலர் தூவவும் அவரை விடவில்லை. கல்விக்கான தெய்வம் என்று கும்பிடும் இடத்தில், மாவட்ட முதலிடம் வாங்கியவருக்கு இடமில்லை.

இத்தனைக்கும் சிமுலியாவில் தட்டைக் கழுவிய சிறுவன் இல்லை இப்போது. பெரிய நகரம், பெரிய கல்லூரி, அறிவியல் படிக்கும் சக மாணவர்கள். ஆனாலும் சாப்பாட்டுத் தட்டு மட்டும் மாறவில்லை. கடைசியில் அவர் ஹாஸ்டலை விட்டு வெளியேறி ஒரு மெஸ்ஸில் தங்கினார்.

இங்கே ஒரு தகவலைக் கவனிக்க வேண்டும். இன்றைய மேற்கு வங்கப் பட்டியல் சாதிகள் பட்டியலில் சுன்றி என்ற சாதி இருக்கிறது. பக்கத்திலேயே சாஹா நீங்கலாக என்ற குறிப்பும் இருக்கிறது. அரசாங்கக் காகிதம் தனியாகப் பிரித்து வைத்திருக்கும் சமூகம்தான் இது. ஆனால் சாப்பாட்டுக் கூடம் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதில் யார் எங்கே உட்காரலாம் என்பதை எந்தக் காகிதமும் தீர்மானிக்கவில்லை.

படிப்பு எப்படிப் போனது?

1913 பி.எஸ்சி. கணிதத் தேர்வில் சத்யேந்திரநாத் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம். 1915 எம்.எஸ்சி.யிலும் அதே வரிசை.

அரசு நிதிப் பணித் தேர்வு எழுதி நல்ல சம்பளத்துக்குப் போக நினைத்தார். புரட்சியாளர்களோடு தொடர்பு இருப்பதாகச் சந்தேகித்து, தேர்வெழுத அனுமதி மறுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டுமே? காலையும் மாலையும் சைக்கிளில் ஊரைச் சுற்றி ட்யூஷன் எடுத்தார்.

வழி திறந்தது பல்கலைக்கழகத்தில்தான். தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் கொடுத்த நன்கொடையில், ஆசுதோஷ் முகர்ஜி அப்பர் சர்குலர் ரோட்டில் அறிவியல் கல்லூரி ஒன்றை உருவாக்கினார். 1916-ல் சாஹாவும் போஸும் அங்கே விரிவுரையாளர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் நம்ம சி.வி. ராமன் அதே இயற்பியல் துறைக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் ஜெர்மனியிலிருந்து புத்தகங்கள் வரவில்லை. ஷிப்பூர் பொறியியல் கல்லூரி ஆசிரியர் ப்ரூலிடம் இருந்த ஜெர்மன் புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்தார்கள். டாக்காவில் சாஹா கற்ற ஜெர்மன் மொழி இங்கே கைகொடுத்தது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை சாஹாவும் போஸும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். கல்கத்தா பல்கலைக்கழகம் அதை 1920-ல் புத்தகமாக வெளியிட்டது.

அந்தச் சமன்பாடு என்ன?

ஒரு வாயுவை எவ்வளவு சூடாக்கினால், எவ்வளவு அழுத்தத்தில், அதன் அணுக்களில் எத்தனை பங்கு எலக்ட்ரானை இழக்கும்? சாஹா 1920-ல் கண்டுபிடித்த சமன்பாடு இதைச் சொல்கிறது.

கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால் தெரியும் கோடுகள், அங்கே எந்த அணு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. சாஹாவின் சமன்பாட்டை வைத்து அந்தக் கோடுகளிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட முடிந்தது. 1925-ல் செசிலியா பேய்ன் இதைப் பயன்படுத்தித்தான், நட்சத்திரங்களில் பெரும்பங்கு ஹைட்ரஜனும் ஹீலியமும் என்ற முடிவுக்கு வந்தார்.

இந்த இடத்திலும் காசுக் கணக்கு குறுக்கே வந்தது. அதற்கு முன்பு எழுதிய ஒரு நீண்ட கட்டுரையை அமெரிக்க வானியற்பியல் இதழுக்கு அனுப்பியிருந்தார். அச்சுச் செலவில் பங்கு கொடுக்கச் சொன்னார்கள். பெற்றோரையும் தம்பியையும் காப்பாற்றிக்கொண்டிருந்தவரிடம் அவ்வளவு பணம் இல்லை. கட்டுரை முழுமையாக அங்கே வரவில்லை.

பிறகு?

1923-ல் அலகாபாத் பல்கலைக்கழகத்துக்குப் போய் 15 வருடங்கள் பாடம் நடத்தினார். 1927-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1938-ல் கல்கத்தா திரும்பி, அணு இயற்பியலுக்கு ஒரு நிறுவனம் தொடங்கினார். இன்று அது அவர் பெயரில் இருக்கிறது.

1952-ல் கல்கத்தா வடமேற்குத் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். நாட்டின் பஞ்சாங்கக் குழப்பத்தைத் தீர்க்க அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தார். நம் அரசிதழில் ஆங்கிலத் தேதியோடு வரும் சக வருடத் தேதி அந்தக் குழுவின் பரிந்துரை. 1956 பிப்ரவரி 16-ம் தேதி, டெல்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் இறந்தார்.

இன்று இதை ஏன் பேச வேண்டும்?

2007-ல் டெல்லி எய்ம்ஸ் பற்றி ஆராய்ந்த தோரட் குழு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியில் குறிப்பிட்ட பகுதிகளுக்கு ஒதுங்கிப்போகும் நிலை இருப்பதாகப் பதிவு செய்தது. 2012-ல் யு.ஜி.சி. உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க விதிமுறைகள் கொண்டுவந்தது. ஈடன் ஹாஸ்டல் சம்பவம் நடந்து கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து.

தரவுகளோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான். எந்தச் சமூகத்திலிருந்து எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்பதை அகில இந்திய உயர்கல்வி ஆய்வு வருடா வருடம் எண்ணுகிறது. அது அவசியமான எண்தான். அதுபோல ஒரு கணக்கை 1911-ல் எடுத்திருந்தால் சாஹாவும் அதில் ஒருவராக இருந்திருப்பார். ஏழைக் கடைக்காரர் மகன், பிரசிடென்சி கல்லூரி, அனுமதி கிடைத்தது. கட்டத்தில் ஒரு டிக்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலை விட்டு வெளியேறிய நாளைக் குறிக்க அந்தப் படிவத்தில் கட்டம் இருந்திருக்காது. சாஹா வெளியே போன பிறகும் படித்தார், நமக்குத் தெரிந்த பெயர் ஆனார். அப்படி வெளியே போய், படிப்பையும் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்கு நம்மிடம் எண் இல்லை. உங்கள் கல்லூரி விடுதியில் யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று ஒருநாள் சுற்றிப் பாருங்கள். கணக்கை அங்கிருந்து தொடங்கலாம்.